துயருற்ற மனமும் தொலைந்துபோகும் நினைவுகளும்



வாப்பா மவ்த்தாகி ஓராண்டு கழிந்திருந்த காலம் அது. மத்ரஸாவில் பாடம் நடத்துவேன். வீடு திரும்பியதும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். "ஓதிக்கொடுக்கிறவருக்கே ஈமான் குறையலாமா? அல்லாஹ் தந்த நல்ல நாள்களை நினைத்துப் பாருங்கள்" என்றார் உறவினர் ஒருவர். நினைத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. பின்னர் மருத்துவர் ஒருவர், வாப்பாவுடன் மகிழ்ந்திருந்த ஒரு நாளைச் சொல்லுமாறு கேட்டார். "பெருநாள்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்" என்றேன். "எந்தப் பெருநாள்?" என்றார். ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

இந்த இயலாமைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைக் குணமடைந்த பிறகே அறிந்தேன்.

1986ஆம் ஆண்டில் மார்க் வில்லியம்ஸ், டொனால்ட் பிராட்பென்ட் என்னும் இங்கிலாந்து உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டவர்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, அது நினைவூட்டும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் கூறுமாறு கேட்டனர். 'மகிழ்ச்சி' என்ற சொல்லுக்கு, "சென்ற வெள்ளிக்கிழமை தங்கைக்குக் குழந்தை பிறந்தது" என்று ஒருவர் சொன்னால் அது குறிப்பிட்ட நினைவு. "பிள்ளைகளோடு இருந்தால் மகிழ்ச்சிதான்" என்றால் அது பொதுவான நினைவு. அந்நோயாளிகள் அடிக்கடி இரண்டாம் வகை விடையோடு நின்றுவிட்டனர். மனச்சோர்வு நோயாளிகளிடமும் இதே நிலை பின்னர் கண்டறியப்பட்டது. கடந்த காலத்தின் விவரங்கள் மங்கும்போது, இன்றைய சிக்கலுக்கு வழி காணும் ஆற்றலும் குன்றுகிறது. "முன்பும் இப்படி ஒரு நெருக்கடி வந்ததே, அன்று இன்னாரிடம் போய்ச் சமாளித்தோமே" என்று சொல்லிக்கொள்ள ஒரு விவரம் கையில் இருக்க வேண்டுமல்லவா?

நல்லதை நினை என்று நோயாளியிடம் கூறுவது, கால் முறிந்தவனிடம் நடந்து காட்டு என்று கூறுவதைப் போன்றது என எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வில்லியம்ஸ் பிற்காலத்தில் ஜான் டீஸ்டேல், ஸிண்டெல் ஸீகல் ஆகியோருடன் சேர்ந்து, குணமானவர்களுக்கு மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுக்க எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் தொடங்கிய பயிற்சியே அதற்கு அடித்தளம். மூச்சைக் கவனிப்பது, ஓர் உலர்ந்த திராட்சையை அதன் சுருக்கம், மணம், சுவை யாவும் உணர்ந்து மெல்ல உண்பது, வரும் எண்ணத்தை வெறும் எண்ணமாகக் கண்டு விட்டுவிடுவது ஆகியவை அதன் கூறுகள். 2000ஆம் ஆண்டில் வெளியான 145 பேர் மீதான ஆய்வில், மும்முறையோ அதற்கு மேலோ நோயுற்றவர்களுள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது. இருமுறை மட்டும் நோயுற்றவர்களுக்கு இப்பயன் தென்படவில்லை. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, பயிற்சிக்குப் பின் பொதுவான நினைவுகள் குறைந்ததைக் காட்டியது. நிகழ்காலத்தின் நுண்விவரங்களைக் கவனிக்கப் பழகியவர்களுக்குக் கடந்த காலத்தின் விவரங்களும் திரும்பலாயின.

இப்பயிற்சியின் வேர் பௌத்தத் தியானத்தில் உள்ளது. அதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் அது வழிபாடாக அன்றிப் பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. தொழுகையும் இதுவும் ஒன்றே என்று சிலர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொழுகை வணக்கம், இது மருத்துவம்.

நம் முன்னோரும் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தனர். இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள் கி.பி. 934இல் மறைந்தார்கள். புவியியலாளர் என்றே பலர் அவர்களை அறிவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில், உடல்நலத்தை முதற்பகுதியிலும் மனநலத்தை இரண்டாம் பகுதியிலும் விளக்கினார்கள். துயரத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, இழப்பு போன்ற காரணம் தெரிந்தது. மற்றொன்று, காரணம் புலப்படாது உடலிலிருந்து எழுவது. பின்னதற்கு உடல் மருத்துவம் வேண்டும் என்றார்கள். ஈமானின் குறை என்று அதை ஒதுக்கிவிடவில்லை.

என்னை நிறுத்தி வைத்தது அவர்களின் மற்றோர் அறிவுரை. திடீர் நோய்க்கென மருந்தை முன்கூட்டியே வீட்டில் வைத்திருப்பதுபோல், மனம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே நல்ல எண்ணங்களைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். நோயுற்ற மனத்தால் தேடி எடுக்க இயலாது என்பதை அறிந்தே இதைச் சொன்னார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. இதைக் கொண்டு, 'எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டோம்' என்று மார்தட்ட நான் வரவில்லை. வில்லியம்ஸ் சோதித்து நிறுவியது வேறு, பல்கீ அவர்கள் அனுபவத்தால் எழுதியது வேறு.

இப்போது என்னிடம் ஒரு குறிப்பேடு உள்ளது. அதன் முதல் பக்கத்தில் இருப்பது: எனக்கு ஒன்பது வயது. நோன்புப் பெருநாள் காலை. நல்ல மழை. புதுச் செருப்பு நனையுமென்று நான் அழ, வாப்பா அதைக் கழற்றித் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னைத் தோளில் ஏற்றிப் பள்ளிவாசல் வரை நடந்தார். அவர் சட்டையில் அத்தர் மணத்தது.