வி.ஆர். ஹெட்செட் வீட்டுக்கு வீடு வருமா?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன வாரம் வெளிநாட்டிலிருந்து அழைத்தான். "டீச்சர், நம்ம ஸ்கூலுக்கு நாலு வி.ஆர். ஹெட்செட் வாங்கித் தரலாம்னு இருக்கேன். இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லார் வீட்லயும் இது இருக்கும்" என்றான். "ரெண்டு நாள் குடுப்பா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசித்ததை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பயிற்சி. மூக்குக்கு நேரே விரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் நகர்வது போலத் தெரியும். இரண்டு கண்களும் சற்றே வேறான இரண்டு காட்சிகளைப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. இதைக் கருவி செய்து காட்டியவர் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன். ஆண்டு 1838. கருவியின் பெயர் ஸ்டீரியோஸ்கோப். இன்றைய ஹெட்செட்டுக்கு அதுதான் கொள்ளுத் தாத்தா.

வீட்ஸ்டனின் கருவி ஆய்வறைக்கு உரியதாகவே இருந்தது. 1849-ல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் அதை லென்ஸ் வைத்த சிறு பெட்டியாக்கினார். 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா மகாராணி அத்தகைய ஒன்றைப் பார்த்து வியந்தார். அதன் பிறகு வசதி படைத்தவர்களின் வரவேற்பறைகளில் அது இடம்பிடித்தது.

எளியவர் வீட்டுக்கு அதைக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர், எழுத்தாளர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1861-ல் ஒரு கைப்பிடி, இரண்டு லென்ஸ், படம் செருக ஒரு சட்டம், அவ்வளவுதான் என்று மிக எளிதாக அதை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமையும் வாங்கவில்லை! யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். விலை இறங்கியது.

ஆனால் விலை மட்டும் போதுமா? பார்க்கப் புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டுமே. அந்த வேலையை அண்டர்வுட் சகோதரர்கள் போன்றோர் செய்தார்கள். கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகப் போய் அவர்களுடைய பட அட்டைகளை விற்றார்கள். 1901 வாக்கில் அந்த நிறுவனம் ஒரு நாளைக்கு 25,000 அட்டைகள் அச்சிட்டது. 1892-ல் தொடங்கிய கீஸ்டோன் வியூ நிறுவனம் பள்ளிகளுக்கென்றே பட அட்டைத் தொகுப்புகளை ஆசிரியர் கையேட்டுடன் விற்றது. ஆக, இன்று என் மாணவன் சொல்லும் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

பிறகு சினிமா வந்தது, வானொலி வந்தது. ஸ்டீரியோஸ்கோப் பரணுக்குப் போனது. 1939-ல் அறிமுகமான வியூ மாஸ்டர் அதைக் குழந்தைகளின் பொம்மையாகக் காப்பாற்றியது. சிங்கப்பூரிலிருந்து என் பெரியப்பா ஒன்று வாங்கி வந்தார். வட்ட அட்டையில் ஏழு காட்சிகள். தெருப் பிள்ளைகள் வரிசையில் நின்று, "என் முறை, என் முறை" என்று கைமாற்றிப் பார்த்தோம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1995-ல் நின்டென்டோவின் 'விர்ச்சுவல் பாய்' வந்தது. விலை சுமார் 180 டாலர்தான். படம் முழுக்கச் சிவப்பு நிறம், கண்ணுக்கும் கழுத்துக்கும் சிரமம், விளையாட்டுகளும் குறைவு. ஓராண்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். 2014-ல் கூகுள் வெறும் அட்டைப் பெட்டியிலேயே ஒன்று கொடுத்தது. பலரும் ஒரு வாரம் வியந்துவிட்டு மூலையில் போட்டார்கள். 2024-ல் ஆப்பிளின் 'விஷன் புரோ' 3,499 டாலருக்கு வந்தது, நம் பணத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம். எடை அரைக் கிலோவுக்கு மேல். இன்னொரு பக்கம், 2020-ல் 299 டாலருக்கு வந்த 'குவெஸ்ட் 2' நன்றாகவே விற்றது.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். வியப்பு எல்லாக் காலத்திலும் இருந்தது. ஆனால் ஒரு கருவி வீட்டில் தங்குவதற்கு மூன்று வேண்டும்: தாங்கக்கூடிய விலை, திரும்பத் திரும்பப் பார்க்க விஷயம், பக்கத்தில் இருப்பவரோடு பகிரும் வசதி. மூன்றாவதில்தான் ஹெட்செட் இடறுகிறது. மாட்டிக்கொண்டவர் ஓர் உலகத்தில், மற்றவர்கள் வேறு உலகத்தில். விமானிப் பயிற்சிக்கும் அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கும் அது பயன்படும். மூன்று லட்ச ரூபாய்ப் பெட்டி சாதாரணக் குடும்பத்துக்குள் நுழையும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூக்குக்கண்ணாடி போல இலேசாகி, செல்போன் விலைக்கு வந்தால் கதை மாறலாம்.

நான் தவறலாம். "செல்போன் பணக்காரர்களுக்குத்தான்" என்று உங்களில் சிலருக்கு வகுப்பில் சொன்னவள்தானே நான்! விலை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அன்று நான் கணக்கில் எடுக்கவில்லை.

மாணவனிடம் சொல்லிவிட்டேன்: "நாப்பது பிள்ளைங்களுக்கு நாலு ஹெட்செட்னா முப்பத்தாறு பேர் சும்மா உட்கார்ந்திருப்பாங்கப்பா. முதல்ல நாப்பது ஜோடி லென்ஸ் அனுப்பு. அட்டையை வெட்டி ஒட்டி அவங்களே ஸ்டீரியோஸ்கோப் செய்யட்டும்." அவன் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும், "சரிங்க டீச்சர்" என்றான்.

நான் சொன்னது சரிதானா? உங்கள் வீட்டில் ஹெட்செட் இருந்தால், கடைசியாக அதை எப்போது எடுத்தீர்கள் என்று உண்மையாகக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்