மடத்துத் தலைவரின் பேனா

இனிமேல் கம்ப்யூட்டரில்தான் எழுதி அனுப்பவேண்டும் என்றார் பத்திரிகை ஆசிரியர். அப்படியே செய்தேன். பக்கங்கள் மளமளவென்று வளர்ந்தன. மறுநாள் பார்த்தால், எழுதியதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை! அப்போதுதான் ஜெர்மனியில் ஸ்பான்ஹைம் மடத்தின் தலைவராயிருந்த டிரிதேமியுஸ் என் ஞாபகத்துக்கு வந்தார்.

மெயின்ஸ் நகரில் குடன்பர்க் பைபிளை அச்சிட்டது 1455 வாக்கில். அதன் பிறகு, நூல்களைக் கையால் பிரதி எடுப்பது எதற்கு என்ற கேள்வி மடங்களில் எழுந்தது. அந்த வேலையை விட்டுவிடக்கூடாது என்று 1492-இல் டிரிதேமியுஸ் ஒரு நூலே எழுதினார். தோலில் எழுதியது 1000 ஆண்டு நிற்கும், அச்சிட்ட காகிதம் 200 ஆண்டு நின்றாலே அதிகம் என்பது அவர் வாதம். அது பொய்த்துப் போயிற்று. குடன்பர்க்கின் காகிதப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால், நிதானமாகக் கையால் எழுதுகிறவன் மனத்தில் பொருள் ஆழப் பதியும் என்றும் சொன்னார். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1494-இல் அந்த நூலே மெயின்ஸில் அச்சாகி வெளிவந்தது! மனிதர் அச்சுக்குப் பகைவர் அல்லர்.

நானும் அவர் வழியே போகிறேன். முதல் பிரதி பேனாவில். ஆசிரியருக்குப் போவது கம்ப்யூட்டரில். பக்கங்கள் குறைந்துவிட்டன. வரிகள் நினைவில் நிற்கின்றன.