போர்க்காலப் பெண் தொழிலாளர் சீருடைகள்: பழைய புகைப்படங்களில் அடையாளம் காணுதல்

இரு உலகப் போர்களின்போதும் ஆண்கள் படைக்குப் போய்விட, ஆலை, பண்ணை, டிராம், ரயில் என்று அவர்கள் விட்டுச்சென்ற இடங்களைப் பெண்கள் நிரப்பினார்கள். அப்போது அவர்கள் அணிந்திருந்த உடையைக் கொண்டு ஒரு புகைப்படத்தின் காலத்தையும் அதில் இருப்பவரின் தொழிலையும் கண்டறியலாம். இதற்கான சான்றுகள் பிரிட்டனில் ஏராளமாகக் கிடைக்கின்றன. குடும்ப ஆல்பத்தில் ‘பாட்டி, ராணுவத்தில்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பெண்கள் துணைப்படை 1917 மார்ச்சில்தான் பிரான்சுக்குப் போனது. கடற்படைக்கான பெண்கள் பிரிவு அதே ஆண்டு நவம்பரிலும், விமானப்படைக்கானது 1918 ஏப்ரலிலும் உருவாயின. 1915இல் எடுத்த படத்தில் காக்கிக் கோட்டும் பாவாடையுமாக ஒருவர் நின்றால், அவர் பெண்கள் தொண்டர் படை போன்ற தனியார் அமைப்பைச் சேர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தச் சீருடையை அவரவரே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததால், வசதி படைத்தவர்களே அதில் மிகுதி.

மிக அதிகமாகக் கிடைப்பவை வெடிமருந்து, குண்டு ஆலைப் பெண்களின் படங்கள். 1915இல் போர்முனையில் குண்டுத் தட்டுப்பாடு பெரும் அரசியல் நெருக்கடியாக வெடித்தது. அதன் விளைவாக, அரசியல் தலைவர் லாய்ட் ஜார்ஜின் கீழ் தளவாட அமைச்சகம் பிறந்தது. போர் முடியும்போது அந்தத் தொழிலில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். தளர்ந்த நீள மேலங்கி, இடையில் கட்டு, கூந்தல் முழுவதையும் மூடும் தொப்பி என்பதுதான் அவர்களின் பொதுத் தோற்றம். நாடு முழுவதற்கும் ஒரே சீருடை இருக்கவில்லை. துணியும் வெட்டும் ஆலைக்கு ஆலை மாறின. அதனால் மேலங்கியை மட்டும் பார்த்து ஆலையின் பெயரைச் சொல்லத் துணிவது வெறும் ஊகம்தான்.

வேலையின் வகையை அந்த மேலங்கியே சொல்லிவிடும். மருந்து நிரப்பும் கூடங்களில் ஒரு சிறு பொறி போதும், கட்டடமே போய்விடும். கொண்டை ஊசி, தீப்பெட்டி, உலோகப் பொத்தான், ஆணி அடித்த செருப்பு எதற்கும் அங்கே அனுமதி இல்லை. உள்ளே போகுமுன் ஒரு தடுப்பருகில் வெளிக்காலணியைக் கழற்றி, உள்ளே அணியும் காலணிக்கு மாற வேண்டும். இத்தனைக்குப் பிறகும் லீட்ஸ் அருகே பார்ன்போ ஆலையில் 1916 டிசம்பர் 5 இரவு நடந்த வெடிப்பில் 35 பெண்கள் இறந்தார்கள். ஆக, படத்தில் உள்ள மேலங்கியில் பொத்தானே தெரியாமல் நாடாக் கட்டு மட்டும் இருந்தால் மருந்து நிரப்பும் பிரிவையும், சாதாரணப் பொத்தான்களும் எண்ணெய்க் கறையும் இருந்தால் கடைசல் பட்டறையையும் முதலில் நினைக்கலாம். டி.என்.டி. வெடிமருந்தைக் கையாண்டவர்களின் தோல் மஞ்சளாகி, அவர்களுக்குக் ‘கேனரிப் பறவைகள்’ என்றே பெயர் வந்தது. கருப்பு வெள்ளைப் படத்தில் அது தெரியாது.

கழுத்தருகே சின்ன முக்கோணப் பித்தளைச் சின்னம் தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பார்ப்பது நல்லது. ‘போர்ப் பணியில்’ என்ற சொற்களும் 1916 என்ற ஆண்டும் பொறித்த அந்தச் சின்னம் தளவாடத் தொழிலில் இருந்த பெண்களுக்காகவே அரசு வழங்கியது. அதே தொழிலில் இருந்த ஆண்களுக்கு 1915 சின்னம் இருந்தது. படைக்குப் போகாத ஆண்களைத் தெருவில் மறித்து, கோழை என்று வெள்ளை இறகு கொடுத்து அவமானப்படுத்திய காலம் என்பதால் அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. சின்னத்தில் 1916 என்று இருப்பதால் படமும் 1916 என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் போர் முடியும்வரை அதை அணிந்தார்கள். ‘1916க்கு முன் இல்லை’ என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது.

நிறத்தை ஊகிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். அன்றைய புகைப்படத் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு கருப்பாகவும், வெளிர்நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவும் விழும். தொண்டுச் செவிலியரின் மார்புத் துணியில் உள்ள செஞ்சிலுவை கருஞ்சிலுவையாகத் தெரிவது இதனால்தான். காலத்தைக் கணிக்கப் படத்தின் பின்பக்கமும் உதவும்: ஸ்டூடியோவில் எடுத்த படங்களைப் பெரும்பாலும் அஞ்சலட்டைத் தாளிலேயே அச்சிட்டார்கள். பின்பக்கம் அரைப் பென்னி அஞ்சல்தலையுடன் உள்நாட்டில் போயிருந்தால், கட்டணம் ஒரு பென்னியாக உயர்ந்த 1918 ஜூன் 3க்கு முந்தையது என்று கொள்ளலாம்.

போக்குவரத்துப் பெண்களை அடையாளம் காண்பது எளிது. டிக்கெட் துளைக்கும் கருவி, தோல் பணப்பை, எண்ணிட்ட வில்லை ஆகியவை வேலையைச் சொல்லிவிடும். கிளாஸ்கோ மாநகராட்சி டிராமில் 1915 முதல் பணியாற்றிய நடத்துநர்கள் கட்டம் போட்ட ஸ்காட்லாந்துப் பாவாடை அணிந்தார்கள். அந்தக் கட்டம் கருப்பு வெள்ளையிலும் மறையாது.

பண்ணைப் படங்களில் சிக்கல் வேறு. பெண்கள் நிலப்படை என்ற ஒரே பெயரில் இரண்டு அமைப்புகள் இருந்தன. முதலாவது 1917இல் தொடங்கி 1919இல் கலைக்கப்பட்டது. இரண்டாவது 1939 ஜூனில் லேடி டென்மன் தலைமையில் உருவாகி 1950 வரை நீடித்தது. இரண்டிலும் முழங்கால் வரையிலான கால்சட்டை, தொப்பி, பச்சைக் கைப்பட்டையில் சிவப்புக் கிரீடம். பேரப்பிள்ளைகள் குழம்புவதில் வியப்பில்லை. மேலுடையைப் பார்த்தால் தீர்ந்தது. முழங்காலைத் தொடும், இடைவார் கட்டிய நீள மேலங்கி என்றால் முதல் போர்; வி வடிவக் கழுத்துக் கம்பளி ஸ்வெட்டரும் உள்ளே சட்டையும் டையும் என்றால் இரண்டாம் போர். இரண்டாம் படையின் தொப்பிச் சின்னத்தில் கோதுமைக் கதிர்க்கட்டு இருக்கும். அதற்குப் பதில் மரமும், அகன்ற தொப்பிக்குப் பதில் பெரே தொப்பியும் இருந்தால், அவர் 1942இல் உருவான மரம்வெட்டும் பிரிவைச் சேர்ந்தவர்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பெரும் துணை, லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பு. 1917இல் அருங்காட்சியகம் தொடங்கியபோதே பெண்களின் பணிக்கென லேடி நார்மன் தலைமையில் துணைக்குழு அமைந்தது. ஹோரஸ் நிக்கோல்ஸ், ஜி. பி. லூயிஸ் ஆகியோர் ஆலைகளில் எடுத்த படங்கள் அங்கே உள்ளன. பெண்களின் பணியைப் படமெடுக்க, புகைப்படக் கலைஞர் ஒலிவ் எடிஸ் 1919 மார்ச்சில் பிரான்சுக்கே அனுப்பப்பட்டார். இடம், தொழில் குறித்த விவரங்களோடு சேமித்த படங்கள் என்பதால் பெயரற்ற வீட்டுப் படங்களுக்கு இவை அளவுகோலாகின்றன. பிரிட்டனுக்கு வெளியே சீருடை வேறுபடவும் கூடும்: இந்தியாவில் 1942இல் அமைந்த பெண்கள் துணைப்படையில் காக்கிச் சேலையும் சீருடையாக ஏற்கப்பட்டது. சேலை கட்டியிருப்பதால் படையைச் சேராதவர் என்று அத்தகைய படத்தை ஒதுக்கிவிடக் கூடாது.

தவறான அடையாளத்துக்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. தலையில் புள்ளித் துணி கட்டி, கடைசல் எந்திரத்தின் மீது குனிந்திருக்கும் இளம்பெண்ணின் படம் ஒன்று உண்டு. ஜே. ஹோவர்ட் மில்லர் 1943இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக வரைந்த, ‘நம்மால் முடியும்’ என்று கையை மடக்கிக் காட்டும் பெண்ணின் சுவரொட்டிக்கு இதுவே தூண்டுதல் என்று பேச்சு பரவியது. 1980களில் மிச்சிகனைச் சேர்ந்த ஜெரால்டின் டாயல் அந்தப் புகைப்படத்தில் இருப்பது தான்தான் என நம்பினார், உலகமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பேராசிரியர் ஜேம்ஸ் கிம்பிள் பல ஆண்டுகள் தேடி, அசல் குறிப்பு ஒட்டிய பிரதி ஒன்றைக் கண்டுபிடித்தார். நாள் 1942 மார்ச், இடம் கலிபோர்னியாவின் அலமீடா கடற்படை விமானத் தளம், பெயர் நவோமி பார்க்கர். அந்த மார்ச்சில் டாயல் ஆலை வேலைக்கே போயிருக்கவில்லை. கிம்பிளின் ஆய்வு 2016இல் வெளிவந்தபோது நவோமிக்குத் தொண்ணூறு வயது கடந்திருந்தது. 2018 ஜனவரியில் காலமானார். மில்லர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தாரா என்பதற்கு இன்றுவரை நேரடிச் சான்று இல்லை.