பிள்ளையின் கையில் வாகனத் திறப்பு: கனடாவின் கோடை விடுமுறையில் பெற்றோர் அறிய வேண்டியவை

ஜூன் மாத இறுதியில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பாடசாலைகள் மூடப்படுகின்றன. செப்ரெம்பர் முதல் வாரத்தில் வரும் தொழிலாளர் தினம் கழியும் வரை இரண்டு மாதங்களுக்கு மேல் விடுமுறை. ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் போன்ற இடங்களில் வாழும் எமது உறவுகளின் பிள்ளைகள் பலர், பதினாறு, பதினேழு வயதில் முதன்முதலாகத் தனியே வாகனம் ஓட்டும் காலமும் இதுதான்.

இந்தக் குடும்பங்களில் பல, யுத்தத்துக்குள் இருந்து பிள்ளைகளை உயிருடன் காப்பாற்றிக் கொண்டு வந்தவை. தமக்குக் கிடைக்காத இளமைக்காலம் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு, "இன்றைக்கு வாகனம் தரமாட்டேன்" என்று சொல்வது இலகுவல்ல. இரவு வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பிள்ளை வாகனம் ஓட்டுவது பெரிய உதவியும்கூட. தம்பி, தங்கையை வகுப்புக்கு ஏற்றியிறக்கவும் அம்மம்மாவை வைத்தியரிடம் கூட்டிச்செல்லவும் ஓர் ஆள் கிடைக்கிறது. ஆனால் அந்த முதல் கோடைக்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே சட்டம் விதிக்கிறது.

கோடையில் ஏன் ஆபத்து அதிகம்?

அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்கும் செப்ரெம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கும் இடைப்பட்ட காலத்தை, பதின்ம வயதுச் சாரதிகளைப் பொறுத்தவரை உயிராபத்து மிகுந்த 100 நாட்கள் என்று வீதிப் பாதுகாப்பு அமைப்புகள் குறிப்பிடுகின்றன. அதற்கான காரணங்கள் கனடாவுக்கும் பொருந்தும்.

பாடசாலைக் காலத்தில் பிள்ளை ஓடுவது பெரும்பாலும் பழகிய வீதிகளில். விடுமுறையில் வசாகா கடற்கரை, நயாகரா, நண்பரின் கொட்டேஜ் என்று தூரப் பயணங்கள் வருகின்றன. பனிக்காலத்தில் வழுக்கும் வீதி வேகத்தைத் தானாகக் குறைக்கும். கோடையின் காய்ந்த, நேரான வீதியோ வேகத்துக்கு அழைக்கும். ஜூன் மாதத்தில் ரொறன்ரோவில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணியாகிவிடும். அதன்பின் தொடங்கும் ஒன்றுகூடல்கள் நள்ளிரவைத் தாண்டும். களைத்துப்போன புதிய சாரதி, நண்பர்கள் நிறைந்த வாகனத்துடன் இருட்டில் வீடு திரும்புகிறார்.

ஜி1: முதற்படி

ஒன்ராறியோவில் படிமுறை அனுமதிப்பத்திர முறை 1994 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. 16 வயது நிறைந்தவர், கண்பார்வைச் சோதனையிலும் எழுத்துப் பரீட்சையிலும் சித்தியடைந்து ஜி1 பெறலாம். இந்தக் கட்டத்தில் பின்வரும் கட்டுப்பாடுகள் உள்ளன.

- தனியே ஓட்ட முடியாது. முழுமையான அனுமதிப்பத்திரமும் குறைந்தது 4 ஆண்டு ஓட்டிய அனுபவமும் உள்ள ஒருவர் முன் ஆசனத்தில் இருக்க வேண்டும். முன் ஆசனத்தில் வேறு எவரும் இருக்கக்கூடாது.
- நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்ட முடியாது.
- 401, 404 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகளிலும், டொன் வலி பார்க்வே, கார்டினர் போன்ற அதிவேக வீதிகளிலும், பயிற்றுநர் உடன் இருந்தால் அன்றி ஓட்ட முடியாது.
- சாரதியின் இரத்தத்தில் மதுசாரம் சிறிதும் இருக்கக்கூடாது.

எம்மவர் கொண்டாட்டங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. பிறந்தநாள் விழாவில் தந்தை மது அருந்திவிட்டு, "நீ ஓடு, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று ஜி1 வைத்திருக்கும் பிள்ளையிடம் திறப்பைக் கொடுத்துவிடுகிறார். துணைக்கு இருப்பவரின் இரத்தத்தில் மதுசார அளவு 100 மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராமை எட்டினாலே அது சட்டமீறல். நள்ளிரவு கடந்திருந்தால் இரண்டாவது மீறலும் சேர்ந்துவிடும். நிபந்தனையை மீறி ஓடி விபத்து நேர்ந்தால், வாகனத்துக்கான இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் மறுக்கவும் இடமுண்டு.

ஜி2: தனியே ஓடும் காலம்

ஜி1 பெற்று 12 மாதங்களின் பின்னர் வீதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். அரசு அங்கீகரித்த சாரதிப் பயிற்சியை முடித்தவர்களுக்கு இது 8 மாதங்களாகக் குறையும். எனவே 16 வயதும் 8 மாதங்களும் ஆன பிள்ளை, எந்த நெடுஞ்சாலையிலும் எந்த நேரத்திலும் தனியே ஓடச் சட்டத்தில் இடமுண்டு.

19 வயதுக்கு உட்பட்ட ஜி2 சாரதிகளுக்கு ஒரு மேலதிகக் கட்டுப்பாடு உள்ளது. 19 வயதினரும் இதற்குள் அடங்குவர். முதல் ஆறு மாதங்களில், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை, அதே வயது எல்லைக்குள் உள்ள ஒருவரை மட்டுமே ஏற்றலாம். அதன்பின் மூவர் வரை ஏற்றலாம். உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய குடும்பத்தினருக்கு இது பொருந்தாது. அனுபவமுள்ள முழு அனுமதிப்பத்திரக்காரர் முன் ஆசனத்தில் இருந்தாலும் விலக்கு உண்டு.

சட்டம் தொடாத இடம்

மேலே உள்ள விதியைப் பெற்றோர் மறுபடி வாசிக்க வேண்டும். அது நள்ளிரவுக்குப் பின்னரே தொடங்குகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு, நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு ஓடும் பதினாறு வயதுப் பிள்ளையைச் சட்டம் தடுக்காது. எல்லோருக்கும் ஆசனப்பட்டி இருந்தால் போதும். இரவு 11 மணிக்கும் அப்படியே.

ஆனால் ஒத்த வயது நண்பர்கள் கூடக்கூட, இளம் சாரதியின் உயிராபத்தும் கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாட்டு, பகிடி, "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போ" என்ற சத்தம் எல்லாம் கவனத்தைக் கலைக்கும். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது வீடுதான்.

கைபேசியும் வேகமும்

ஓடும்போது கைபேசியைக் கையில் எடுத்துப் பிடிபடும் ஜி1, ஜி2 சாரதிக்கு முதல் தடவை 30 நாட்களும் இரண்டாம் தடவை 90 நாட்களும் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். மூன்றாம் தடவை அது இரத்தாகி, மறுபடி ஜி1 இலிருந்து தொடங்க வேண்டும்.

வேக எல்லை 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வீதியில் 40 கிலோமீற்றர் மேலதிகமாக ஓடினால் பொலிஸார் அந்த இடத்திலேயே அனுமதிப்பத்திரத்தை 30 நாட்களுக்கு நிறுத்தி, வாகனத்தையும் 14 நாட்களுக்குப் பறித்துவிடுவர். வாகனம் தந்தையுடையது, நாளை அவர் வேலைக்குப் போக வேண்டும் என்ற நியாயங்கள் எடுபடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

- முதல் கோடை முழுவதும், பகலிலும்கூட, ஒரு நண்பருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்யுங்கள்.
- இரவு ஒன்பது அல்லது பத்து மணியை எல்லையாக வையுங்கள்.
- நெடுஞ்சாலையையும் இரவு ஓட்டத்தையும் மழையில் ஓடுவதையும் நீங்கள் பக்கத்தில் இருந்து பல தடவை பழக்கிய பின்னரே தனியே விடுங்கள்.
- பிள்ளை அனுமதிப்பத்திரம் பெற்றதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.
- எந்த நேரத்தில் அழைத்தாலும், என்ன நிலையில் இருந்தாலும், ஏசாமல் வந்து கூட்டிப் போவோம் என்று சொல்லி வையுங்கள். மது அருந்திய நண்பனின் வாகனத்தில் ஏறாமல் இருக்க அந்த ஒரு வாக்குறுதி உதவும்.
- நீங்கள் ஓடும்போது கைபேசியைத் தொடாதீர்கள். பிள்ளை பின் ஆசனத்தில் இருந்து பல வருடங்களாக உங்களைப் பார்த்தே பழகியிருக்கிறது.

இங்கிருந்து தொலைபேசியில் பேசும் பேரன், பேத்திகளின் உறவினரும் இதில் உதவலாம். "லைசன்ஸ் எடுத்திட்டியா?" என்று மகிழ்ச்சியுடன் கேட்கும் அம்மம்மா, "ஆரை எல்லாம் ஏத்திக்கொண்டு ஓடுறாய்?" என்றும் கேட்கட்டும். பெற்றோர் சொன்னால் கோபிக்கும் பிள்ளை, அம்மம்மா கேட்டால் சிரித்துக்கொண்டாவது பதில் சொல்லும்.