கண்ணாடி கற்பித்த கணக்கு

கண்ணாடி ஏன் உடைகிறது என்று வகுப்பில் வினவினால், “அது நொறுங்கும் பொருள்” என்று சொல்லித் தப்பும் ஆசிரியர் உளர். ஆங்கிலப் பொறியியலறிஞர் கிரிஃபித் அவ்விடையோடு அமையவில்லை. அணுப்பிணைப்பைக் கொண்டு கணக்கிட்ட வலிமை, கண்ணாடியின் உண்மை வலிமையினும் பன்மடங்கு மிகுதி. கண்ணுக்குப் புலனாகாத கீறல்களே காரணம் என்றார் அவர். நான் பெரிதும் வியப்பது அவருடைய சோதனையை: கண்ணாடியை இழையாக இழுத்தார், இழை மெலிய மெலிய வலிமை ஏறிற்று!

கீறல் நீளும்போது தேங்கிய ஆற்றல் விடுபடும். புதிய பரப்பை ஆக்க ஆற்றல் செலவாகும். வரவு செலவை மிஞ்சின், கீறல் தானே ஓடும். 1921-இல் வெளியான இக்கணக்கைப் பொறியாளர் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லந்துத் துறையில் அமைதியான நீரில் நின்ற ‘ஸ்கெனெக்டடி’ என்னும் புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் பிளந்தது. எஃகு உடையுமுன் நெளிந்து கொடுக்கும். அதற்கும் ஆற்றல் வேண்டும். அச்செலவையும் சேர்த்துக் கணக்கை விரித்தவர் அமெரிக்கரான இர்வின்.