முதல் மாண்டலின் யாருடையது? ஒரு சின்ன இசை வரலாறு

1/ "டாக்டர், பையன் மாண்டலின் கேட்கிறான். கையில காசு கம்மி. எதை வாங்கலாம்?" இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலை விட வரலாறுதாங்க நல்ல பதில் சொல்லுது. பொறுமையா படிங்க.

2/ இன்னைக்கு நாம பார்க்கிற மாண்டலினோட தாய்வீடு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே வினாச்சா என்ற குடும்பம் இதைச் செய்வதில் பேர் எடுத்தது. பானை வயிறு மாதிரி முதுகு. இரட்டை இரட்டையா நாலு ஜோடி, மொத்தம் 8 கம்பி.

3/ 1898இல் அமெரிக்காவின் ஆர்வில் கிப்சன், வயலின் போல மரத்தைச் செதுக்கி மாண்டலின் செய்ய காப்புரிமை வாங்கினார். பானை வயிறு போச்சு, மடியில வழுக்காம நின்னது.

4/ நம்ம சினிமாப் பாட்டுல மாண்டலின் எப்பவோ வந்தாச்சு. ஆனா கர்நாடக சங்கீதம்? அது நடக்காதுன்னுதான் பலரும் நினைச்சாங்க. கமகத்துக்கு சுரம் வளையணும், இழையணும். மாண்டலின்லயோ மெட்டுகள் நெருக்கம், கம்பிகள் இரட்டை, மீட்டின ஒலி சட்டுனு அடங்கிடும்.

5/ அதை மாத்தினவர் 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்த உ. ஸ்ரீனிவாஸ். ஆறு வயசு வாக்கில் அவர் முதலில் கையில் எடுத்தது அப்பா சத்தியநாராயணாவின் மாண்டலின். பையனோட திறமையைப் பார்த்த பிறகுதான் அப்பா புதுசு வாங்கிக் கொடுத்தார். இந்த வரிசையைக் கவனிங்க!

6/ குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டு வாசிப்பான். பாடமே அவ்வளவுதான்.

7/ 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி. அடுத்த சில வருஷத்தில் சென்னை. இரட்டைக் கம்பியை விட்டுட்டு ஐந்து ஒற்றைக் கம்பி, மின்சார மாண்டலின். கம்பியை வளைக்க முடிஞ்சது, ஒலியும் நீண்டது. 1998இல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர் 19, கல்லீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கல்களால் காலமானார். வயசு 45தான்.

8/ இதுல நமக்கு என்ன? ஒன்று, முதல் வாத்தியம் இரவலா இருக்கலாம், பழசா இருக்கலாம். ஆர்வம் நிலைக்குதான்னு பார்த்துட்டு செலவு பண்ணலாம். இரண்டு, தருமபுரி மாதிரி ஊர்ல மாண்டலின் வாத்தியார் கிடைக்கலையா? பாட்டு வாத்தியாரே போதும். மேற்கத்திய முறையில் வயலினுக்கும் மாண்டலினுக்கும் கம்பி சுரங்கள் ஒண்ணுதான். அதனால வயலின் வாத்தியாரும் கைகொடுப்பார்.

9/ பழசு வாங்கும்போது மூணு சோதனை:
✅ கழுத்து முறுக்கியிருக்கா? கண்ணு மட்டத்துல வெச்சு நீளவாக்கில் பாருங்க. முறுக்கினது வேண்டாம்.
✅ கம்பி மெட்டுக்கு மேல ரொம்ப உயரமா நிக்குதா? அழுத்திப் பாருங்க.
✅ 12வது மெட்டில் அழுத்தினா அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வரணும். வரலைன்னா உடனே ஒதுக்காதீங்க. பல மாண்டலின்களில் குதிரை ஒட்டப்பட்டிருக்காது, கம்பி அழுத்தத்துலதான் நிக்கும். கொஞ்சம் நகர்த்தினா சரியாகும்.

10/ ஒரு டாக்டரா ரெண்டாவது சோதனையை அழுத்திச் சொல்றேன். கம்பி உயரமா இருந்தா பிஞ்சு விரல் ரொம்ப வலிக்கும். குழந்தை நிறுத்திடும். "உனக்கு இசை வராது"ன்னு வீட்டுல முத்திரை குத்திடுவாங்க. தப்பு வாத்தியத்தோடது, பழி குழந்தைக்கு! முதல் சில வாரம் விரல்நுனி லேசா வலிக்கும், தோல் தடிக்கும். அது இயல்பு. தோல் கிழிஞ்சாலோ மரத்துப் போனாலோ ஓய்வு கொடுங்க.

11/ உங்க வீட்டு பரண்ல ஒரு மாண்டலின் தூங்குதா? எடுத்துத் தூசி தட்டி, கம்பி மாத்தி, தெருவுல கத்துக்க ஆசைப்படுற ஒரு குழந்தைகிட்ட கொடுங்க. ஸ்ரீனிவாஸுக்கு வீட்டுலயே ஒண்ணு இருந்தது. எல்லாருக்கும் அது அமையாது. 🙏