பொலன்னறுவை வேளைக்காரரும் அவர்தம் வாக்குறுதியும்

அரசனைக் காத்தற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட படையே அவனுக்குப் பகையாய்த் திரும்புமாயின், அதனை விசாரித்துத் தண்டிப்பவர் யாவர்? உரோமாபுரியில் 193ஆம் ஆண்டில் மெய்காவற்படையினர் தம் பேரரசனைக் கொன்றனர். கூடிய பணந்தர இசைந்தவனுக்கு அரியணையை ஏலத்திற் கொடுத்தனர். உலக வரலாறு பயில்வோர் யாவரும் அறிந்த செய்தி இது. ஆயின், அவ்வினாவை ஆராய்தற்கு அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. பதினோராம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளிற் பொலன்னறுவையில் வாழ்ந்த வேளைக்காரப் படையின் வரலாறே அதற்குப் போதிய சான்று தருகின்றது.

வேளைக்காரர் சோழப் பேரரசின் படையமைப்பிலே தோன்றியவர். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் இவர்தம் படைகள் பல பெயர் குறிக்கப்பட்டுள்ளன. 'அழகியசோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்பது அவற்றுள் ஒன்று. அரசனின் விருதுப்பெயரைத் தன் பெயரின் முன்னே தாங்கி நிற்பதும், 'தெரிந்த' என்னும் அடைமொழியைப் பெறுவதும் நோக்கற்பாலன. பொறுக்கியெடுத்த வீரர் என்பதே அதன் கருத்து. 'வேளை' என்னுஞ் சொல்லுக்கு அறிஞர் பலவாறு பொருள் கூறியுள்ளனர். வேளை வாய்த்தபோது அரசனுக்காகத் தம் உயிரையும் ஈதற்கு ஆயத்தமாய் நின்றவர் என்னும் நீலகண்ட சாஸ்திரியாரின் விளக்கமே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. எனவே, இவர் கூலிக்கு மாத்திரம் போர்செய்த மக்களல்லர், சூளுரையாற் கட்டுண்டவர். அச்சூளுரை யாருக்கு உரியது என்பதே பின்னர்ச் சிக்கலாயிற்று.

முதலாம் விசயபாகு 1070ஆம் ஆண்டிற் சோழரைப் பொலன்னறுவையினின்றும் அகற்றினான். சோழராட்சி நீங்கியபோது வேளைக்காரர் நீங்கினாரல்லர். அவர்களைத் தன் சேவையில் வைத்துக்கொண்டவன் விசயபாகுவே. பகைவனின் படையமைப்பிற் பழகியவரைத் தன் தலைநகரில் வைத்துக் காத்தல் துணிவான செயல்தான். எனினும், பழகிய படையை உருவாக்குதற்குப் பல்லாண்டு வேண்டும்; உருவானதை ஏற்றுக்கொள்ளுதற்கோ பொருளிருந்தாற் போதும். அரசர் பலர் இவ்வழியையே நாடினர்.

விசயபாகு கன்னட நாட்டுக்கு அனுப்பிய தூதருடைய மூக்கையுஞ் செவியையுஞ் சோழர் அரிந்துவிட்டனர் எனச் சூளவம்சங் கூறும். அவமதிப்புப் பொறாத மன்னன் சோழநாட்டின்மேற் படையெடுக்கத் துணிந்தான். மாதோட்டம் முதலிய துறைகளிற் கப்பல்களும் படைகளுந் திரட்டப்பட்டன. அவனுடைய முப்பதாம் ஆட்சியாண்டில், அஃதாவது 1085ஆம் ஆண்டையடுத்து, வேளைக்காரர் செல்ல மறுத்தனர். மறுத்ததோடு நின்றாரல்லர். படைத்தலைவர் இருவரைக் கொன்றனர், பொலன்னறுவைப் புறங்களைக் கொள்ளையிட்டனர், மன்னனின் தங்கையையும் அவள் மைந்தர் மூவரையுஞ் சிறைப்பிடித்தனர், அரண்மனைக்குத் தீயிட்டனர். மன்னன் தக்கிணதேசத்துக்கு ஓடி, தன் செல்வங்களை வாதகிரி மலையில் மறைத்துவைத்து, தம்பி வீரபாகுவோடு பெரும்படை கொண்டு மீண்டு வந்தே நகரைக் கைப்பற்றவேண்டியதாயிற்று.

தம் இனத்தவர்மேற் போர்தொடுக்க விரும்பாமையே இக்கலகத்துக்குக் காரணம் என்பர் ஆசிரியர் பலர். அது நிகழத்தக்கதே. ஆயின், போருக்குச் செல்ல மறுத்தல் வேறு. உடனிருந்த தலைவரைக் கொல்லுதல் வேறு. முன்னதற்கு மனச்சான்றைக் காரணங் காட்டலாம். பெண்ணொருத்தியையும் பிள்ளைகளையும் பணயமாகப் பற்றியதற்கும், தாம் காக்கக் கடமைப்பட்ட மாளிகையைத் தாமே எரித்ததற்கும் எவ்வினப்பற்றும் விடையாகாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, வேளைக்காரரை முற்றாகப் போற்றுவோரும் முற்றாகத் தூற்றுவோரும் உளர். இருசாராரும் வரலாற்றுக்கு நன்மை செய்தவரல்லர்.

தண்டனை கொடியதாயிற்று. கொலையுண்ட தலைவரின் ஈமச்சிதையைச் சூழக் கலகத்தலைவர்களை நிறுத்தி, கைகளைப் பின்புறம் பிணித்து, தறியிற் கட்டி, அத்தீயிலேயே எரித்தனர் என்று சூளவம்சம் உரைக்கின்றது. விசாரணை நடந்ததாக அந்நூலிற் குறிப்பில்லை. அரசநீதியும் பழிவாங்குதலும் ஒரே சிதையில் எரிந்தன எனலாம். இப்பகுதியைப் படிப்போர் வேறொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சிறைப்பட்ட சிறுவர் மூவர் மானாபரணன், கித்திசிறிமேகன், சிறிவல்லபன் என்போர். அவருள் மானாபரணன் மகாபராக்கிரமபாகுவின் தந்தை. பராக்கிரமபாகுவையே காவியத் தலைவனாகக் கொண்டு பாடிய புலவன், அவன் தந்தையைச் சிறைப்பிடித்தவரை மதங்கொண்ட யானைக்கு ஒப்பிட்டமை வியப்பன்று.

தலைவர் எரிந்தனர்; படை எஞ்சியது. ஈண்டே இவ்வரலாற்றின் உட்கிடை வெளிப்படுகின்றது. மன்னன் வேளைக்காரப் படையைக் கலைத்தானல்லன். கலகம் நிகழ்ந்து பன்னிரண்டாண்டளவிற்குள், அவனது நாற்பத்திரண்டாம் ஆட்சியாண்டில், கந்தளாயிலிருந்த சிவாலயத்துக்கு அந்தணப் பெண்ணொருத்தி வைத்த அறக்கொடை வேளைக்காரரின் பாதுகாவலிலேயே விடப்பட்டது. பழமோட்டைக் கல்வெட்டு இதனை அறிவிக்கின்றது. மன்னனின் அரண்மனையை எரித்த படை இறைவனின் பொருளைக் காக்கத் தகுதியுடையதென்று மக்கள் கருதினர் போலும். அன்றி, ஆற்றல் மிக்கவனையே காவலனாக்கினால் அவன் கொள்ளையிடான் என்று எண்ணினரோ!

விசயபாகு ஏறத்தாழ 1110இல் இறந்தான். அரசுரிமைப் போட்டி மூண்ட அந்நாட்களிலேயே பொலன்னறுவையின் புகழ்பெற்ற தமிழ்க் கல்வெட்டு எழுந்தது. தேவசேனாபதி விசயபாகுவின் ஆணையாற் கட்டுவித்த தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பு, முகலன் என்னும் மகாதேரரின் வேண்டுகோளின்படி வேளைக்காரரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர்கள் அதற்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று தம் பெயரையே இட்டனர். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் முதலிய பிரிவுகள் யாவும் ஒருங்குகூடி உறுதிமொழி கூறின. பள்ளிக்குரிய ஊர்களையும், பணியாளரையும், அடைக்கலம் புகுந்தோரையும் தாம் அழியினும் அழியாமற் காப்பதாகவும், தம் வழித்தோன்றல்கள் உள்ளவரை இது நிலைபெறுவதாகவுங் கல்லிற் பொறித்தனர். இதற்குப் பிழைசெய்பவன் தம் மாதந்திரத்துக்கே பிழைசெய்தவனாவான் என்றும், பெரும்பாதகர் புகும் நரகம் புகுவான் என்றும் முடித்தனர்.

சைவரும் பலராயிருந்த தமிழ்ப்படை புத்தபிரானின் தந்ததாதுவைக் காக்க முன்வந்தமையை நல்லிணக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது வழக்கம். அதுவும் உண்மையே. ஆனால் இக்கல்வெட்டை உடன்படிக்கை ஆவணமாகப் படித்தால் வேறொரு செய்தி புலனாகும். பிழைசெய்தவனை அரசன் தண்டிப்பான் என்று அது மொழியவில்லை. பிழைத்தவன் படைக்குப் பகைவன். அவனைப் படை பார்த்துக்கொள்ளும். எஞ்சியதை மறுமை பார்த்துக்கொள்ளும். தனியொரு வீரன் தவறினால் இவ்வேற்பாடு செவ்வனே இயங்கும். படை முழுவதுமே தவறினால் யாது செய்வது? அதற்குக் கல்லில் இடமில்லை. விசயபாகு சிதையின் முன்னே நின்று கேட்ட வினா, கால்நூற்றாண்டு கழிந்தும் விடையின்றியே நின்றது.

விரைவிலேயே சோதனை வந்தது. விசயபாகுவின் மகன் விக்கிரமபாகு விகாரைச் சொத்துக்களைக் கவர்ந்து தன் ஏவலருக்குக் கொடுத்தான். தலைநகர விகாரைகள் சிலவற்றைப் பிறநாட்டுப் படைவீரரின் குடியிருப்பாக்கினான். வெறுப்புற்ற தேரர்கள் தந்ததாதுவையும் பிச்சாபாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உறுகுணைக்குச் சென்றனர். உயிர்கொடுத்துக் காப்போம் என்றவர் அப்போது யாது செய்தனர் என்பதைச் சூளவம்சங் கூறவில்லை. குடியிருந்த வீரருள் வேளைக்காரரும் இருந்தனரோ என்பதையும் அது கூறவில்லை. எவ்வாறாயினும், பெரும்பள்ளி தாதுவின்றி வெறுமையாயிற்று.

அடுத்துக் கசபாகு 1132இல் அரசனானபோது, கித்திசிறிமேகனுஞ் சிறிவல்லபனும் அவன் வேரூன்றுமுன் அவனை வீழ்த்த எண்ணினர். அதன்பொருட்டு வேளைக்காரருக்குப் பொருள் கொடுத்துத் தம் வசமாக்கினர். சிறுபராயத்தில் வேளைக்காரரின் கையிற் பணயமாயிருந்த அவ்விருவரே முதியவராகி அவர்களை விலைக்கு வாங்கினர் என்பது சிந்திக்கற்பாலது. தம்மைச் சிறைப்பிடித்தவரின் இயல்பைச் சிறைப்பட்டவரே நன்கு அறிவர் அன்றோ? தலைவரை எரித்த தீ, விலைபோகும் இயல்பை எரிக்கவில்லை. ஏனெனில், படையைப் பொருள்கொடுத்து வைத்திருந்த ஒவ்வொரு மன்னனும் அவ்வியல்பினாலேயே பயன்பெற்றான். பிறன் பயன்பெற்றபோதே அதனைக் குற்றமென்றான்.

மகாபராக்கிரமபாகு காலத்தில் (1153 - 1186) மறுபடியுங் கலகம் மூண்டது. கொட்டியாரத்தில் வாழ்ந்த வேளைக்காரர், படைத்தலைவர் தொலைவிலிருந்த சமயம் பார்த்து, இராசரட்டையைக் கைப்பற்ற முனைந்தனர். இம்முறை அவர்களோடு சிங்களப் படைவீரருங் கேரளப் படைவீரருங் கூடியிருந்தனர். இக்கலகங்களை இனப்பகை ஒன்றனாலேயே விளக்க முயல்வோர் இதனைக் கருத்திற் கொள்வாராக. மன்னன் படையை ஏவி அவர்களை ஒடுக்கினான். படைத்தலைவர் அப்போது தலைநகரை விட்டு நீங்கி உறுகுணையிற் போர்செய்துகொண்டிருந்தமைக்குக் காரணம் தந்ததாதுவே. பொலன்னறுவைப் பெரும்பள்ளியிலிருந்து அகன்ற அதனை மீட்டுவரவே அவர்கள் சென்றிருந்தனர். மீண்டுவந்த தாதுவுக்குப் பராக்கிரமபாகு வேறோர் ஆலயம் எடுப்பித்தான். வேளைக்காரரின் உறுதிமொழி பொறித்த கல்லோ பொலன்னறுவையிலே பழைய இடத்தருகே நிலைத்துநின்றது.